கேள்வி – பதில்: அட்டாக் என்றால் தாக்குதல் மட்டும்தானா?

கேள்வி: ‘அட்டாக்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் ‘தாக்குதல்’ என்றே படித்திருக்கிறோம். அகராதியைத் திறந்தால் நோய், இசை, விமானம், சதுரங்கம் என்று நீள்கிறது. எல்லாம் ஒரே சொல்லா?

பதில்: ஒரே சொல்தான். 1600-ஐ ஒட்டி பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. பிரெஞ்சு மொழி அதை இத்தாலிய ‘அட்டக்காரே’யிலிருந்து எடுத்தது. அட்டக்காரே என்றால் ஒன்றோடு ஒன்றைப் பிணைப்பது. மின்னஞ்சலில் கோப்பை ‘அட்டாச்’ செய்கிறோமே, அந்தச் சொல்லும் அட்டாக்கும் உறவுக்காரர்கள். பிணைப்பது எப்படி அடிப்பது ஆயிற்று என்று தமிழருக்கு விளக்க வேண்டியதே இல்லை. பூத் தொடுக்கிறோம், அம்பு தொடுக்கிறோம், போர் தொடுக்கிறோம், வழக்குத் தொடுக்கிறோம். இத்தாலியரும் அப்படித்தான் போரை ‘அட்டக்காரே’ செய்தார்கள், அதாவது தொடுத்தார்கள். இந்தத் ‘தொடுத்தல், தொடங்குதல்’ வாடையை மனத்தில் வைத்துக்கொண்டால், அட்டாக்கின் விசித்திரமான பொருள்களில் பாதி தாமாகவே பிடிபடும்.

கேள்வி: ‘அவருக்கு அட்டாக் வந்துவிட்டது’ என்கிறோம். ஆங்கிலத்திலும் அப்படிச் சொல்லலாமா? ‘கார்டியாக் அரெஸ்ட்’ என்பதும் இதுதானா?

பதில்: முதல் கேள்விக்கு: கூடாது. தமிழ்ப் பேச்சில் வெறும் அட்டாக் என்றாலே மாரடைப்பு. ஆங்கிலத்தில் அப்படிச் சொன்னால் கேட்பவர் ‘எதனுடைய அட்டாக்?’ என்று காத்திருப்பார். ஆஸ்துமா, மலேரியா, விக்கல், அடக்க முடியாத சிரிப்பு என எல்லாவற்றுக்கும் அங்கே அட்டாக் உண்டு. திடீரென்று தொடங்கி, சற்று நேரம் ஆட்டிவைத்து, அடங்குவது எதுவோ அது அட்டாக். எனவே ‘ஹார்ட்’ என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இரண்டாவது கேள்வி முக்கியமானது. செய்தி மொழிபெயர்ப்புகளில் அடிக்கடி தவறும் இடம். ஹார்ட் அட்டாக்கில் இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுகிறது. நோயாளி பெரும்பாலும் நினைவோடு இருப்பார், வலிக்கிறது என்று சொல்வார். கார்டியாக் அரெஸ்டில் இதயம் ரத்தத்தை இறைப்பதையே நிறுத்திவிடுகிறது. சில நொடிகளில் ஆள் சாய்ந்துவிடுவார், கூப்பிட்டால் பதில் இருக்காது, மூச்சும் இயல்பாக இருக்காது. உடனே அவசர உதவியை அழைத்துவிட்டு, நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ. ஆழத்துக்குக் குறையாமலும் 6 செ.மீ.க்கு மிகாமலும் அழுத்த வேண்டும் (இந்த அளவு பெரியவர்களுக்கு). முன்னது பின்னதில் கொண்டுபோய் விடலாம், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. கார்டியாக் அரெஸ்டுக்கு ‘மாரடைப்பு’ என்று எழுதாமல் ‘இதயம் திடீரென நின்றது’ என்று எழுதுங்கள். அடைப்பைப் பெயரிலேயே சொல்லும் ‘மாரடைப்பு’, ஆங்கிலச் சொல்லைவிடத் துல்லியமானது என்பதே எங்கள் கட்சி.

‘பேனிக் அட்டாக்’கை ‘பீதித் தாக்குதல்’ என்று எழுதினால், யாரோ வந்து தாக்கியது போலத் தொனிக்கிறது. ‘திடீர்ப் பீதி’ போதும். சில நிமிடங்களில் உச்சத்தைத் தொட்டுத் தணிவது அதன் இயல்பு. ஆனால் நெஞ்சுவலியோடு முதல்முறை வந்தால் இது பீதிதான் என்று நாமே முடிவுகட்டக் கூடாது; மருத்துவர் பார்க்கட்டும்.

கேள்வி: ‘ஹி அட்டாக்டு ஆன் மீ’ சரியா?

பதில்: தவறு. வினைச்சொல்லாக வரும்போது ‘ஆன்’ வேண்டாம்: ‘ஹி அட்டாக்டு மீ’. பெயர்ச்சொல்லானால் வேண்டும்: ‘அன் அட்டாக் ஆன் தி கேம்ப்’. தமிழ்க் காதே இதற்கு வழிகாட்டும். ‘என்னைத் தாக்கினான்’ என்போம். ‘என் மீது தாக்குதல் நடத்தினான்’ என்போம். ‘மீது’ வருகிற இடத்தில்தான் ‘ஆன்’. நோய்க்கு ‘ஆஃப்’: ‘அன் அட்டாக் ஆஃப் ஆஸ்துமா’. நாய் கடிக்க வந்தால் ‘அட்டாக் பை எ டாக்’ என்று எழுதுங்கள். ‘ஆஃப்’ போட்டால் நாயும் நோய்ப்பட்டியலில் சேர்ந்துவிடும்.

கேள்வி: ஒலிப்பதிவு மென்பொருளில் ‘அட்டாக்’ என்று ஒரு குமிழ் இருக்கிறது. குறைத்தால் சின்தசைசரில் (மின்னணு முறையில் ஒலியை உண்டாக்கும் கருவி) ஒலி கூர்மையாகிறது, கம்ப்ரஸரில் (உரத்த ஒலியை அமுக்கும் கருவி) மழுங்குகிறது. ஏன்?

பதில்: இரண்டிலும் அது நேரத்தைத்தான் குறிக்கிறது, ஆனால் எது தொடங்குவதற்கான நேரம் என்பது வேறு. சின்தசைசரில், விசையை அழுத்தியதிலிருந்து ஒலி முழு உரப்பை எட்ட ஆகும் நேரம். 2 மில்லி நொடி வைத்தால் சுத்தியல் அடி போல விழும். 800 வைத்தால் வில் வாத்தியம் போல மெல்ல ஊறி வரும். கம்ப்ரஸரில், நாம் வைத்த எல்லையை ஒலி தாண்டிய பிறகு கருவி அதை அமுக்கி முடிக்க எடுத்துக்கொள்ளும் நேரம். அதை 1 மில்லி நொடிக்குக் குறைத்தால், டிரம்மின் முதல் அடியையே கருவி அமுக்கிவிடுகிறது. 20, 30 என்று கூட்டினால் அடி தப்பித்து வெளியே வரும், பின்னால் வரும் அதிர்வு மட்டும் அமுங்கும். டிரம் உயிரில்லாமல் கேட்கிறது என்று உரப்பைக் கூட்டுபவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் குமிழைத்தான்.

கேள்வி: கிரிக்கெட்டில் பந்து வீசுபவர்களை ஏன் ‘அட்டாக்’ என்கிறார்கள்? அடிப்பவர் மட்டையாளர்தானே?

பதில்: விக்கெட் என்பது கோட்டை. அதை வீழ்த்த வருபவர் பந்துவீச்சாளர், காப்பவர் மட்டையாளர். ‘டேக்கன் அவுட் ஆஃப் தி அட்டாக்’ என்றால் அந்தப் பந்துவீச்சாளரை அணித்தலைவர் மாற்றிவிட்டார் என்று பொருள், யாரும் அடிபடவில்லை.

கேள்வி: சதுரங்கத்தில், தன் ராஜாவைக் காப்பதற்காக நகர முடியாமல் கட்டுண்டு நிற்கும் காய், எதிரி ராஜாவைத் தடுக்குமா?

பதில்: தடுக்கும். நகர முடியாத காயும் தன் பார்வையில் உள்ள கட்டங்களை ‘அட்டாக்’ செய்வதாகவே விதி கொள்கிறது. அந்தக் கட்டத்துக்கு எதிரி ராஜா போக முடியாது. புதிதாக ஆடுபவர்கள் சண்டை பிடிப்பது பெரும்பாலும் இங்கேதான்.

கேள்வி: விமானத்தில் ‘ஆங்கிள் ஆஃப் அட்டாக்’ என்பது மூக்கு எவ்வளவு தூக்கியிருக்கிறது என்பதா?

பதில்: இல்லை. இறக்கையின் முன்விளிம்பையும் பின்விளிம்பையும் சேர்க்கும் கோட்டுக்கும், எதிர்வரும் காற்றின் திசைக்கும் இடையிலுள்ள கோணம் அது. மூக்கு கிடையாக இருந்தும் விமானம் கீழே இறங்கிக்கொண்டிருந்தால், காற்று அடியிலிருந்து வருவதால் கோணம் கூடிவிடும். சிறு விமானங்களில் ஏறத்தாழ 15 பாகையைத் தாண்டினால் காற்றோட்டம் இறக்கையின் மேற்பரப்பை விட்டுப் பிரிந்து, தூக்குவிசை சரியும். வேகம் எவ்வளவு இருந்தாலும் இது நடக்கும்.

கேள்வி: அப்படியானால் ‘அட்டாக் தி ப்ராப்ளம்’ என்பதைத் தமிழில் எப்படி எழுத?

பதில்: ‘சிக்கலைத் தாக்கு’ என்று மட்டும் எழுதாதீர்கள். ‘ஒரு கை பார்’. அமிலம் உலோகத்தை அட்டாக் செய்தால் ‘அரிக்கிறது’. சாப்பாட்டை அட்டாக் செய்தால் ‘ஒரு பிடி பிடித்தான்’.