செல்லாத்தாளின் தம்பி ஏன் திரும்பவும் சாகிறான்?

வணக்கம் அக்கா,

உங்கள் இளையோர் நாவலை ஒன்பதாவது படிக்கும் மகளும் நானும் மாற்றி மாற்றிப் படித்தோம். தொடக்கம் பிரமாதம். கோயில் பெட்டியில் வைக்கிற பொருள் ஊருக்கு வரப்போவதைச் சொல்வது, செல்லாத்தாளின் கண்ணுக்கு மட்டும் ஆற்றுப்பூதம் தெரிவது எல்லாம் ஜோர். நடுவில் அணைக்கட்டு அத்தியாயங்கள் இழுவை. மாயக்கதை படிக்க உட்கார்ந்தவளுக்குச் சாயக்கழிவு எதற்கு? முடிவுதான் பெரிய குறை. செத்த தம்பியை எழுப்பிவிட்டு, பொழுது சாய்வதற்குள் திரும்பவும் சாகடித்துவிட்டீர்கள். அவ்வளவு மந்திரம் இருந்தும் காப்பாற்ற முடியாதா? மகள் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. கேட்டால் அவளுக்குப் பிடித்ததே அந்த இடம்தானாம்! பத்து வயது மகனுக்குப் படிக்கத் தரலாமா?

ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

*

வணக்கங்க.

பெட்டிக்கான பாராட்டு சிவன்மலைக்குப் போகவேண்டியது. அங்கே பக்தர் ஒருவரின் கனவில் முருகன் சொல்லும் பொருளை, பூக்கேட்டு உறுதி செய்துகொண்டு, உத்தரவுப் பெட்டியில் வைக்கிறார்கள். அடுத்த கனவு வரும்வரை அது அங்கேயே இருக்கும். மண், தண்ணீர் எல்லாம் வைத்திருக்கிறார்கள். காங்கேயம் பக்கத்து ஆட்களுக்கு இது சாதாரணச் செய்தி.

அணைக்கட்டு விஷயத்தில் நான் இறங்கி வருவதாக இல்லை. பாசனத்துக்கென்று நொய்யலின் குறுக்கே கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயத்தண்ணீர் தேங்கி, வயலையும் கிணற்றையும் கெடுத்தது. 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது. ஈராயிரம் ஆண்டுக்கு முன்னால் கல்மணிகளுக்குப் பட்டை தீட்டிய கொடுமணலும் இதே ஆற்றங்கரைதான். பூதத்தின் கழுத்தில் அந்த மணிகள் கிடப்பதைக் கவனித்திருப்பீர்கள். அதற்கு ஏன் கோபம் என்று சொல்லாமல் வெறுமனே பல்லைக் காட்ட வைத்தால் யார் பயப்படுவார்கள்? அடுத்த பதிப்பிலும் அந்த அத்தியாயங்கள் இருக்கும்.

அப்புறம் முடிவு. நம் கொங்கு நாட்டு அண்ணன்மார் கதையை உடுக்கடித்துப் பாடிக் கேட்டிருக்கிறீர்களா? பொன்னரும் சங்கரும் மாண்டு கிடக்கும் படுகளத்துக்குத் தங்காள் தேடி வந்து எழுப்புகிறாள். எழுந்தவர்கள் வீடு திரும்புவதில்லை. தங்கையோடு பேசுகிறார்கள், போய்விடுகிறார்கள். இதையே சடங்காக நடத்தும் படுகளத் திருவிழாக்களில் அருள் வந்து விழுந்து கிடப்பவர்களைத் தண்ணீர் தெளித்து எழுப்புவதும் உண்டு. சுற்றி நிற்கும் கூட்டத்தில் சின்னப் பிள்ளைகளும் இருப்பார்கள்.

எழுப்பத் தெரிந்தவளுக்குக் கூடவே வைத்துக்கொள்ளவும் தெரிந்தாக வேண்டும் என்று நாம்தான் கணக்குப் போடுகிறோம். தம்பி செத்த அன்று அவனுக்கும் செல்லாத்தாளுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. ஆட்டுக்குட்டி காணாமல்போன சண்டை. அதைப் பேசி முடிக்கத்தான் அந்த ஒரு பொழுது. அவனை நிரந்தரமாகத் திருப்பிக் கொடுத்திருந்தால், நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று அவள் எழுந்து போயிருப்பாள். கூடப்பிறந்தவர்களை எனக்குத் தெரியுங்க. மந்திரத்தால் எல்லாம் சரியாகிவிடும் கதைகள் நிறையக் கிடைக்கின்றன, அதையும் பிள்ளைகள் படிக்கட்டும். உங்கள் மகளுக்குச் சோறு இறங்காத இடமே பிடித்த இடமாகவும் இருப்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை, கொஞ்சம் பெருமைகூட.

மகனுக்கு இப்போது வேண்டாங்க. கிணற்றுக்குள் பூதம் இழுக்கும் இடம் அந்த வயதில் தூக்கத்தைக் கெடுக்கும். பெட்டி வரும் முதல் நான்கு அத்தியாயங்களை நீங்களே வாசித்துக் காட்டலாம். மிச்சத்தையும் கேட்டு அடம்பிடித்தால் அவன் அக்காவிடம் விட்டுவிடுங்கள், எதை மறைப்பது என்று அவளுக்குத் தெரியும்.