டின் இலக்கம் உங்களுடையது, இமெயில் யாருடையது?

களுவாஞ்சிக்குடியில் இருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். மிளகாய்த்தூளும் இடியப்ப மாவும் அரைத்து, பொதி செய்து, மட்டக்களப்பு நகரக் கடைகளுக்குக் கொடுக்கிறார். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்துவிட்டார். டின் (TIN) இலக்கத்தை, அதாவது வரி செலுத்துவோருக்கான அடையாள இலக்கத்தை, ஒரு கொமியுனிகேஷன் கடைப் பொடியன் எடுத்துக் கொடுத்தாராம். இமெயிலைத் திறந்ததும் அவர்தான். இப்போது அந்தக் கடையே இல்லை. இறைவரித் திணைக்களத்தின் இணையச் சேவைக்குள் போக முடியவில்லை. "வியாபாரத்துக்கு வேறு டின் எடுக்க வேண்டுமா? கணக்குப் பார்க்கும் அண்ணாவிடம் இணையச் சேவைக்கான பின் (PIN) இரகசிய இலக்கத்தைக் கொடுத்துவிடலாமா? மச்சான் பங்காளியாகச் சேரப்போகிறார், அவருக்கும் இதுவே போதுமா?" என்று கேட்கிறார்.

சகோதரி, வேறு டின் எடுக்கத் தேவையில்லை. தனி ஆளாக நடத்தும் வியாபாரம் சட்டத்தின் கண்ணில் நீங்களேதான். உங்கள் தேசிய அடையாள அட்டையில் எடுத்த அந்த 9 இலக்க டின்தான் வியாபாரத்துக்கும். வியாபாரப் பதிவுச் சான்றிதழின் விவரத்தை அதே பதிவோடு சேர்க்கச் சொல்லுங்கள், அவ்வளவுதான். உள்ளே போக முடியவில்லை என்பதற்காக இன்னொரு டின்னுக்கு விண்ணப்பிக்க வேண்டாம். ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு என்று வந்தால் அதைச் சரிசெய்வது பெரிய அலைச்சல்.

உங்கள் உண்மையான சிக்கல் அந்த இமெயில். பின் இலக்கம், கடவுச்சொல், திணைக்களம் அனுப்பும் அறிவித்தல் எல்லாம் பதிவில் இருக்கும் இமெயிலுக்கும் போனுக்கும்தான் வரும். அவை யார் கையில் இருக்கின்றனவோ, அவர்தான் இணையத்தில் நீங்கள். நம் ஊர்களில் எத்தனையோ பேரின் நிலை இதுதான் என்பது எனக்கு உண்மையிலேயே கவலை. பொடியன்கள் உதவி செய்யத்தான் நினைக்கிறார்கள். ஆனால் அவசரத்தில் தங்கள் போன் நம்பரைப் போட்டுவிடுகிறார்கள்.

அந்தப் பொடியனைத் தேடிப் பிடிக்க முடியுமானால் பாதி வேலை முடிந்தது. இமெயிலின் கடவுச்சொல்லை வாங்கி, உங்கள் போனிலேயே திறவுங்கள். கடவுச்சொல்லை மாற்றுவதோடு நிறுத்தக் கூடாது. ஜிமெயில் என்றால் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குப் போங்கள். அங்கே மீட்புக்கான போன் நம்பர் என்று ஒன்று இருக்கும். அதில் அவருடைய நம்பர் இருந்தால், நீங்கள் எத்தனை தரம் கடவுச்சொல்லை மாற்றினாலும் அந்த நம்பர் வழியாகக் கணக்கைத் திரும்பத் திறக்கலாம். அதை எடுத்துவிட்டு உங்கள் நம்பரைப் போடுங்கள். அதே பக்கத்தில் எந்தெந்தக் கருவிகளில் கணக்கு திறந்திருக்கிறது என்றும் காட்டும். உங்கள் போனைத் தவிர மற்ற எல்லாவற்றிலிருந்தும் வெளியேற்றுங்கள். நீங்கள் போடும் நம்பரின் சிம் உங்கள் அடையாள அட்டையில் பதிந்ததாக இருப்பது நல்லது.

ஆள் கிடைக்கவில்லையா? சரி, புதிதாக ஒரு இமெயிலை நீங்களே திறந்துகொண்டு திணைக்களத்தின் மட்டக்களப்புப் பிராந்திய அலுவலகத்துக்கு நேரில் போங்கள். அடையாள அட்டை, வியாபாரப் பதிவுச் சான்றிதழ், டின் சான்றிதழ் இருந்தால் அதன் பிரதி, தொடர்பு விவரங்களை மாற்றக் கேட்டு உங்கள் கையெழுத்துடன் ஒரு கடிதம், இவை கையில் இருக்கட்டும். போவதற்கு முன் திணைக்களத்தின் 1944 இலக்கத்துக்கு அழைத்து, வேறு ஏதும் வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தமிழில் பேசலாம். ஆங்கிலத்தில் உங்கள் பெயர் மூன்று பத்திரங்களிலும் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். தகப்பன் பெயர் ஒன்றில் முதலெழுத்தாகவும் இன்னொன்றில் முழுதாகவும் இருப்பது நம்மிடையே சாதாரணம். கவுண்டரில் இழுபடுவது பெரும்பாலும் அதில்தான். விவரம் மாறியதும் பின் (PIN) இலக்கத்துக்குப் புதிதாக விண்ணப்பியுங்கள்.

கணக்குப் பார்க்கும் அண்ணாவிடம் பின் இலக்கத்தைக் கொடுக்க வேண்டாம். அவர் நல்லவர் என்பது வேறு விஷயம். வருடாந்த வருமான வரி விவரத்திரட்டில் பிழை இருந்தால் திணைக்களம் கேட்கப்போவது உங்களைத்தான். அவர் கணக்கைத் தயாரிக்கட்டும். நீங்கள் பக்கத்தில் இருந்து, விற்பனைத் தொகையையாவது உங்கள் கொப்பியோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, நீங்களே சமர்ப்பியுங்கள். வரி ஆண்டு மார்ச் 31இல் முடிகிறது, விவரத்திரட்டுக்கு நவம்பர் 30 வரை நேரம் இருக்கிறது. அவசரத்தில் ஓடிபியைப் போனில் வாசித்துச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. அவர் உங்கள் சார்பில் அலுவலகத்துக்குப் போகவேண்டி வந்தால், எந்த வேலைக்கு, எந்த ஆண்டுக்கு என்று குறிப்பிட்டு ஒரு அதிகாரக் கடிதம் கொடுங்கள். "எல்லாவற்றுக்கும்" என்று எழுத வேண்டாம்.

டின் இருந்தால் உடனே வரி கட்ட வேண்டும் என்று பயப்படவும் தேவையில்லை. 2025 ஏப்ரல் முதல் தனிநபருக்கான வருடாந்த வரி விலக்கு 18 இலட்சம் ரூபா. வேலைக்கு ஆள் வைத்தால் ஊழியர்களுக்கான ஈபிஎஃப், ஈடிஎஃப் நிதிகளின் பதிவு தனி. அதை இந்த டின்னோடு குழப்ப வேண்டாம்.

மச்சான் சேர்வதுதான் பெரிய மாற்றம். பங்காளி வந்ததும் அது கூட்டு வியாபாரம். பிரதேச செயலகத்தில் பதிவை மாற்றி, கூட்டு வியாபாரத்தின் பெயரில் தனி டின் எடுக்க வேண்டும். உங்கள் தனிப்பட்ட டின் உங்களிடமே இருக்கும், மச்சானுக்கும் அவருடையது வேண்டும். கூட்டு டின்னுக்கு எந்த இமெயில், எந்தப் போன், விவரத்திரட்டைச் சமர்ப்பிப்பது யார் என்பதை இருவரும் பேசி, பங்கு ஒப்பந்தத்திலேயே எழுதிக் கையெழுத்திடுங்கள். சொந்தத்துக்குள் இதையெல்லாம் எழுதுவதா என்று கூச்சப்படாதீர்கள், கூட்டாக முதல் பொதி விற்பதற்கு முன்பே எழுதிவிடுங்கள்.