கோட்டைக்கு வெளியே நின்று பாடும் பங்க்

கேள்வி: எனக்கு வயது 43. 2007-ல் இங்கிலாந்து மெட்டல் குழு அயர்ன் மெய்டன் பெங்களூருக்கு வந்தபோது கோவையிலிருந்து ரயிலேறிப் போய்ப் பார்த்தவன். ராக் இசையில் மெட்டல்தான் என்னுடையது, பங்க் என்ற கிளையின் பக்கம் போனதே இல்லை. போன மாதம் அக்கா மகன் பாய்சன் ருயின் என்ற அமெரிக்கக் குழுவின் ‘ஹார்வெஸ்ட்’ ஆல்பத்தைப் போட்டுக் காட்டினான். கிணற்றுக்குள்ளிருந்து பாடுவது மாதிரி ஒலி. நடுநடுவே பழைய வீடியோ கேமில் கோட்டைக்குள் நுழையும்போது கேட்குமே, அப்படி ஒரு கீபோர்டு. ஆனாலும் ஒரு வாரமாக அதையேதான் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். பதிவு மோசமா, என் ஹெட்ஃபோன் மோசமா? இது பங்கா, மெட்டலா? இந்த மாதிரி புதிதாக வருவதை எங்கே தேடுவது, இங்கிருந்து எப்படி வாங்குவது?

பதில்: உங்கள் ஹெட்ஃபோனில் கோளாறு எதுவும் இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தக் கிணற்று ஒலி தெரிந்தே வைக்கப்பட்டது.

1979-ல் டாஸ்காம் நிறுவனம் போர்ட்டாஸ்டுடியோ என்ற சின்னக் கருவியைக் கொண்டுவந்தது. சாதாரண கேசட்டிலேயே நான்கு தடங்களைத் தனித்தனியாகப் பதிந்துகொள்ளலாம். ஸ்டுடியோ வாடகைக்கு வழியில்லாதவர்கள் அதன் பிறகு வீட்டு அறையில் உட்கார்ந்தே டெமோ என்ற மாதிரிப் பதிவுகளைப் போட ஆரம்பித்தார்கள். டேப் இரைச்சல், விளிம்பு நசுங்கிய கிதார், பின்னால் தள்ளிப்போன குரல் எல்லாம் கையில் காசில்லாததால் வந்தவை. ஆனால் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதுவே ஒரு மொழியாகிவிட்டது. இன்று ஒரு மடிக்கணினியில் சுத்தமாகப் பதிய முடிகிறவர்களும் அந்த ஒலியைத் தேடிப் போகிறார்கள். ஐரோப்பாவின் இடைக்காலத்தை, அதாவது அரசனும் கோட்டையும் இருந்த காலத்தைப் பாடும் இந்தப் பாட்டுகளுக்கு அது பொருந்தவும் செய்கிறது. செல்லரித்த ஓலையைக் கையில் வைத்துப் படிப்பதுபோல, பாதி தெளிவாகவும் பாதி ஊகமாகவும் காதில் விழுகிறது. அப்புறம், குரல் எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். நீங்கள் கேட்டு வளர்ந்த மெட்டலில் பாடகர் மேடையின் முன்விளிம்பில் நிற்பார். இங்கே அவர் கூட்டத்துக்குள் நின்று கத்துகிறார்.

பங்கா மெட்டலா என்ற கேள்விக்கு என் பதில்: பங்க்தான். உங்களை இழுத்தது அதில் இருக்கும் மெட்டல். ரிஃப்கள், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிதார் துணுக்குகள், எழுபதுகளின் கடைசியில் இங்கிலாந்தில் எழுந்த அந்த ஹெவி மெட்டல் அலையின் சாயலில் இருக்கின்றன, அயர்ன் மெய்டன் வந்த அதே அலை. ஆனால் பாட்டு சுருக்கம், டிரம் நேராகத் தாளம் போடுகிறது, திறமையைக் காட்டும் நீண்ட தனிக்கிதார் சோலோ இல்லை. அதைவிட முக்கியம், பாட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்பது. மெட்டலின் இடைக்காலத்தில் அரசன், மாவீரன், மந்திரவாதி, யுத்தகளம். பாய்சன் ருயினின் இடைக்காலத்தில் குடியானவன் உழுகிறான், கோட்டையில் இருப்பவன் தின்கிறான். ஆல்பத்தின் பெயரே அறுவடை. விளைந்தது யாருக்குச் சேர வேண்டும் என்ற கேள்விதான் அதன் அடிநாதம். பளபளக்கும் கவசம் போட்ட வீரர்களைவிட குடியானவர் கிளர்ச்சிதான் தன் பாட்டுக்களம் என்று குழுவைத் தொடங்கிய மேக் கென்னடியே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

இது வெறும் கற்பனை அலங்காரம் இல்லை. 1381-ல் இங்கிலாந்தில் சில வருடங்களுக்குள் மூன்றாவது முறையாக, தலைக்கு இவ்வளவு என்று தலைவரி வசூலித்தார்கள். எசெக்ஸிலும் கென்ட்டிலும் குடியானவர்கள் எழுந்தார்கள், வாட் டைலர் தலைமையில் லண்டனுக்குள்ளேயே நுழைந்துவிட்டார்கள். போகிற இடங்களில் எல்லாம் பண்ணைக் கணக்கு ஏடுகளைத் தேடித் தேடி எரித்தார்கள். யார் யாருக்குக் கட்டுப்பட்டவன், யார் எத்தனை நாள் கூலியில்லாமல் உழைக்க வேண்டும் என்று எழுதிவைத்திருந்தது அவற்றில்தான். கடைசியில் ஸ்மித்ஃபீல்டில் டைலரைக் கொன்றார்கள், கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. அறுநூறு வருடம் கழித்து மார்கரெட் தாட்சர் அரசு கொண்டுவந்த புதிய வரிக்கும் மக்கள் ‘தலைவரி’ என்றே பெயர் வைத்தார்கள், 1990 மார்ச் 31 அன்று டிரஃபால்கர் சதுக்கத்தில் அதற்கு எதிராகக் கலவரம் வெடித்தது. நாளிதழில் வரும் கோபத்தையே சொல்ல இடைக்காலம் ஒரு நல்ல வேஷம் என்பது இந்தப் பாடகர்களுக்குத் தெரியும். பாட்டின் வரிகளைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டால், வாடகையும் சம்பளமும் பற்றிய பாட்டு என்று உங்களுக்கே தோன்றும்.

சரி, எங்கே தொடங்குவது? பாய்சன் ருயின் பிலடெல்பியாக் குழு. கென்னடி தனியாளாக ஆரம்பித்தது. 2021-ல் குழுவின் பெயரிலேயே முதல் எல்பி (முழு நீளத் தட்டு), 2023 ஏப்ரலில் ரிலாப்ஸ் என்ற லேபிளில் (இசை வெளியீட்டு நிறுவனம்) ‘ஹார்வெஸ்ட்’, 2024-ல் ‘கான்ஃப்ரேர்’ என்ற சின்ன இ.பி. நீங்கள் நடுவில் நுழைந்திருக்கிறீர்கள். அடுத்து 2021 ஆல்பத்துக்குப் போங்கள், அது இன்னும் கரடுமுரடு. ஆனால் அதற்கும் முன்னால் கொஞ்சம் பின்னோக்கிப் போனால் புதியவை எல்லாம் வேறு மாதிரி கேட்கும் என்பது என் அனுபவம்.

பங்க்குக்கும் மெட்டலுக்கும் முதல் முடிச்சை இங்கிலாந்தின் மோட்டர்ஹெட் போட்டது. 1975-ல் தொடங்கிய அந்தக் குழுவை மெட்டல்காரர்களும் பங்க்காரர்களும் ஒரே அளவுக்கு நேசித்தார்கள். ஸ்டோக்-ஆன்-டிரென்ட் ஊரின் டிஸ்சார்ஜ் பங்க்கை வேகமும் இறுக்கமும் உள்ளதாக்கியது. இன்று டி-பீட் என்று சொல்லும் அந்த முன்னால் தள்ளும் தாளத்தில் இருக்கும் ‘டி’ அவர்கள் பெயரின் முதல் எழுத்துதான். அவர்களுடைய 1982 ஆல்பம் கட்டாயம் கேட்க வேண்டியது. கிரான்தம் ஊரின் இங்கிலிஷ் டாக்ஸ் அந்த பங்க்குக்குள் மெட்டல் லீட் கிதாரையும் மாயக்கதைப் போர்க்களத்தையும் கொண்டுவந்தது. 1985-ல் வந்த ‘ஃபார்வர்ட் இன்ட்டூ பேட்டில்’ இன்று கேட்டாலும் போன வருடம் வந்ததுபோல இருக்கிறது. அயர்ன் மெய்டன் காதுக்கு அதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது.

என் மனசுக்கு மிக நெருக்கமானது ஆமெபிக்ஸ். இங்கிலாந்தின் டெவன் பகுதியில் எழுபதுகளின் கடைசியில் தொடங்கிய குழு. 1985-ல் வந்த ‘அரைஸ்!’ ஆல்பத்தில் பங்க்கின் கோபமும் மெட்டலின் கனமும் முதல்முறையாக முழுசாக ஒன்று கலந்தன. கீபோர்டை மெல்லிய பனிமூட்டம்போல் பரப்பியிருப்பார்கள். பிறகு கிரஸ்ட் என்று பெயர் பெற்ற முழு வகையுமே இந்த ஆல்பத்தின் நிழலில் வளர்ந்தது. அதன் பாடகர் ராப் மில்லர் பின்னாளில் ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவுக்குப் போய் நிஜமாகவே வாள் செய்யும் கொல்லரானார். இந்த இசைக்குள் இருக்கும் வாளும் உலைக்களமும் சிலருக்கு எவ்வளவு ஆழமாகப் போகிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்! அதே காலத்தில் கவென்ட்ரியில் கிரஸ்ட் பங்க் பக்கமிருந்து எழுந்த போல்ட் த்ரோவர், டெத் மெட்டல் என்ற இன்னும் கனமான கிளைக்குப் போய் 1989 ஆல்பத்துக்கு கேம்ஸ் வொர்க்ஷாப் நிறுவனத்தின் வார்ஹாமர் என்ற போர் விளையாட்டின் ஓவியங்களையே அட்டையாக்கியது.

நீங்கள் சொன்ன கீபோர்டுக்கு வேறொரு ஊர்வழி. அதை டஞ்சன் சிந்த் என்பார்கள், நிலவறைச் சிந்த்தசைசர் என்று வைத்துக்கொள்ளலாம். நார்வேயின் எம்பரர் என்ற பிளாக் மெட்டல் (மெட்டலின் இருண்ட, கரடுமுரடான கிளை) குழுவிலிருந்து விலகிய மோர்டிஸ் 1994-ல் வெளியிட்ட ஆல்பம் அந்த வகைக்கு அடித்தளம். ராக் டிரம் தாளம் இல்லை, வழக்கமான பாடல் அமைப்பு இல்லை, மலிவான கீபோர்டில் ஒரு ராஜ்யத்தையே கட்டுவது. பாய்சன் ருயின் அதை எடுத்துப் பாட்டுகளுக்கு நடுவே வைக்கிறது. அதனால்தான் ஷஃபிளை அணைத்துவிட்டு வரிசையாகக் கேளுங்கள் என்கிறேன். அந்தக் கீபோர்டு இடையிசைகளை எடுத்துவிட்டால் பாதி ஆல்பம் போய்விடும்.

இன்றைய குழுக்களில் மூன்றைச் சொல்கிறேன், மூன்றும் வெவ்வேறு திசை. அதே பிலடெல்பியாவின் டெவில் மாஸ்டர் ஜப்பானின் ஹார்ட்கோர் (வேகமும் ஆவேசமும் கூடிய) பங்க்கையும் பிளாக் மெட்டலையும் கலக்கிறது, 2019, 2022 இரண்டு ஆல்பங்களும் ரிலாப்ஸில் வந்தவை. ஸ்காட்லாந்தின் ஹெல்ரிப்பர் ஒரே ஆள், ஜேம்ஸ் மெக்பெய்ன். மூன்றில் மெட்டல் பக்கம் அதிகம் சாய்வது இதுதான், 2023 ஆல்பத்தில் ஸ்காட்டிஷ் நாட்டுப்புறப் பேய்க்கதைகள் நிறைய, உங்களுக்கு உடனே பிடிக்கும். ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரத்து ஸ்வோர்ட்வீல்டர் பெயரிலேயே வாள் வைத்திருக்கும் கிரஸ்ட் குழு, 2019-ல் வந்த ‘சிஸ்டம் ஓவர்லார்ட்’ ஆமெபிக்ஸ் கேட்ட பிறகு கேட்க வேண்டியது.

புதியவற்றைத் தேட ஸ்ட்ரீமிங் ஆப்பின் பரிந்துரையை நம்ப வேண்டாம். கேட்பவர் குறைவாக உள்ள இசையை அது மேலே கொண்டுவருவதில்லை. குழுக்கள் தங்கள் இசையை நேரடியாக விற்கும் பாண்ட்கேம்ப் தளத்துக்குப் போங்கள். அங்கே குழுக்களே தங்கள் ஆல்பத்துக்குக் குறிச்சொல் போடுகின்றன. டஞ்சன் பங்க் (நீங்கள் கேட்ட இந்த வகைதான்), கிரஸ்ட், மெட்டல் பங்க் ஆகிய குறிச்சொற்களை ஆங்கிலத்தில் தட்டி, புதிதாக வந்தவை என்ற வரிசையில் பாருங்கள். பிடித்த ஆல்பத்தின் கீழே அதை வாங்கியவர்களின் சின்னப் படங்கள் இருக்கும். ஒருவரைத் தொட்டால் அவருடைய மொத்த சேகரிப்பும் திறக்கும். நான் கண்டுபிடித்த நல்ல டெமோக்களில் பாதி இப்படி வந்தவைதான். லேபிள்களையும் பின்தொடருங்கள்: லண்டனின் லா வீடா எஸ் உன் முஸ், சியாட்டிலின் அயர்ன் லங் இரண்டும் உலகெங்கிலுமிருந்து பங்க் எடுத்து வெளியிடுகின்றன. 1982-ல் தொடங்கிய மேக்ஸிமம் ராக்அண்ட்ரோல் இதழ் 2019-ல் அச்சை நிறுத்திவிட்டாலும் இணையத்தில் ஆல்பம் விமர்சனங்களைத் தொடர்கிறது. ஒரு டெமோ கேசட்டுக்கும் மரியாதையாக ஒரு பத்தி எழுதுவார்கள். மெட்டல் குழுக்களைப் பட்டியலிடும் மெட்டல் ஆர்க்கைவ்ஸ் தளத்தில் ஒரு குழு இல்லையென்றால் கவலை வேண்டாம். அது மெட்டல் என்று தாங்கள் ஏற்றவற்றை மட்டுமே சேர்க்கும், எல்லையில் நிற்கும் பங்க் குழுக்கள் வெளியே நின்றுவிடும்.

தேடும்போது ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள், இதை அழுத்திச் சொல்ல வேண்டும். இடைக்கால ஐரோப்பாவை வெள்ளை இனவெறிக்குப் பயன்படுத்தும் ஆட்கள் பிளாக் மெட்டலிலும் டஞ்சன் சிந்த்திலும் உண்டு. அட்டையில் வாளும் கோட்டையும் எல்லோருக்கும் பொது, அட்டையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. பாட்டின் வரிகளைப் படியுங்கள். ‘ரத்தம்’, ‘முன்னோர்’, ‘தூய்மை’ என்று ஒரே பாட்டில் சுற்றிச் சுற்றி வந்தால் நிறுத்துங்கள். வரிகளே கொடுக்காத குழுவானால் அதே லேபிள் வேறு யாரை வெளியிடுகிறது என்று பாருங்கள், அதில் பெரும்பாலும் தெரிந்துவிடும். காசு கொடுக்கும் முன் இந்தப் பத்து நிமிடத்தைச் செலவழிப்பது நம் கடமை என்றே நினைக்கிறேன்.

வாங்குவதற்கு வருவோம். டிஜிட்டலில் தொடங்குங்கள். பாண்ட்கேம்பில் ஒருமுறை வாங்கினால் ஒலித்தரம் குறையாத ஃப்ளாக் வடிவிலேயே இறக்கி வைத்துக்கொள்ளலாம், குழு பின்னாளில் கலைந்தாலும் கோப்பு உங்களிடம் இருக்கும். டிஜிட்டல் விற்பனையில் தளம் எடுப்பது 15 சதவீதம், எல்பி, கேசட், சட்டை விற்பனையில் 10. பணம் செலுத்தும் சேவைக்கான கட்டணம் தனி. 2020 மார்ச் முதல் குறிப்பிட்ட சில வெள்ளிக்கிழமைகளில் தளம் தன் பங்கை விட்டுக்கொடுக்கிறது, பாண்ட்கேம்ப் ஃப்ரைடே என்று பெயர். அது அமெரிக்க மேற்குக் கரை நேரப்படி என்பதால் நமக்கு வெள்ளி மதியம் 12.30-க்கு, அங்கே குளிர்கால நேரமானால் 1.30-க்குத் தொடங்கி மறுநாள் அதே நேரம் வரை போகும். பல டெமோக்களுக்கு விலையை நாமே வைக்கலாம். பூஜ்யம் போட்டும் எடுக்க முடியும், ஆனாலும் ஒரு டீ, வடை காசாவது போடுங்கள். கார்டு நிராகரிக்கப்பட்டால் பதற வேண்டாம், வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைந்திருக்கும். இயக்கிவிட்டு மறுபடி முயலுங்கள்.

எல்பி ஆசை வந்தால் தபால் செலவை முதலில் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து ஒற்றை எல்பியை வரவழைத்தால் தட்டின் விலையைவிடத் தபால் அதிகமாகிவிடுவது சாதாரணம், அதற்கு மேல் சுங்க வரியும் வரலாம். என் வழக்கம், இரண்டு மூன்று நண்பர்கள் சேர்ந்து ஒரே கடையில் ஆர்டர் போடுவது, அல்லது வெளிநாட்டில் இருக்கும் உறவினர் முகவரிக்கு அனுப்பி அவர் ஊருக்கு வரும்போது வாங்கிக்கொள்வது. கேசட் எடை குறைவு, இந்த இசைக்குப் பிறந்த வடிவமும் அதுதான், ஆனால் பழைய பிளேயரை வாங்கும் முன் அதன் பெல்ட் நல்ல நிலையில் இருக்கிறதா என்று ஓடவிட்டுப் பாருங்கள். பழைய பதிப்பைத் தேடினால் இசைத்தட்டுகளைப் பட்டியலிட்டு விற்கும் டிஸ்காக்ஸ் தளத்தில் அந்தப் பதிப்பு இதுவரை விற்ற விலைகள் தெரியும், அதைப் பார்க்காமல் பேரம் வேண்டாம்.

இன்றைக்கு ராத்திரி, அடிச்சுருதியைக் கூட்டும் பேஸ் பூஸ்ட்டை அணைத்துவிட்டு ‘ஃபார்வர்ட் இன்ட்டூ பேட்டில்’ ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து போடுங்கள். பக்கத்தில் அக்கா மகனையும் உட்கார வையுங்கள், அவன் இன்னும் அதைக் கேட்டிருக்க மாட்டான்.