மட்டக்களப்புக் கடைக்கும் கல்முனைக் கிளைக்கும் இடையே விபிஎன் (இன்டர்நெட் ஊடாகப் போகும் மறையாக்கிய தனி இணைப்பு) போட்டிருக்கிறோம். பில்லிங் ஓடுகிறது, ஆனால் பின்னேரம் பேக்கப் போகும்போது ஐபி போனில் குரல் வெட்டி வெட்டி வருகிறது. பெரிய பேக்கேஜுக்கு மாறினால் சரியாகுமா?

அதற்குக் காசு கட்டமுன் கொஞ்சம் பொறுங்கள். பேக்கப் போகும்போது மட்டும்தான் வெட்டுகிறது என்கிறீர்களே, விஷயம் அங்கேதான் இருக்கிறது.

குரலை டிஜிட்டலாக மாற்றும் ஜி.711 கோடெக்கில் ஓர் அழைப்புக்கு ஒரு திசைக்குச் செக்கனுக்கு 80 கிலோபிட் போதும். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் விபிஎன் போடும் உறையையும் சேர்த்தால் 100ஐச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். தூரமும் காரணமில்லை. ஃபைபரில் ஒளி 1,000 கிலோமீற்றரை 5 மில்லி செக்கனில் கடந்துவிடும். கொழும்பைச் சுற்றி வந்தாலும் கவலையில்லை. ஆனால் பேக்கப் உங்கள் அப்லோடை நிரப்பியதும் ரவுட்டருக்குள் வரிசை கட்டுகிறது. கல்லடியில் 2013இல் புதுப் பாலம் திறக்கமுன் பழைய பாலத்தடியில் காத்து நின்றவர்களுக்கு இது விளங்கும்: முன்னால் லொறி நின்றால் அம்புலன்ஸும் நிற்கத்தான் வேண்டும். ஒரு திசைத் தாமதம் 150 மில்லி செக்கனுக்குள் இருந்தால் நல்லது என்கிறது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியூவின் ஜி.114 பரிந்துரை. நிரம்பிய வரிசை அதைச் சாதாரணமாகத் தாண்டிவிடும்.

சோதிப்பது சுலபம். கல்முனை ரவுட்டருக்கு பிங் (போய்வரும் நேரத்தை மில்லி செக்கனில் காட்டும் கட்டளை) ஓடவிட்டு, பேக்கப்பைத் தொடங்குங்கள். 30இல் இருந்த எண் 400, 500 என்று ஏறினால் சந்தேகமே வேண்டாம்.

சரி, மருந்து? ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இலவச ரவுட்டர் மென்பொருளை ஏற்றக்கூடிய ரவுட்டர் என்றால், அதில் வரிசையைக் கட்டுப்படுத்தும் எஸ்கியூஎம் பகுதியில் கேக் (CAKE) என்ற முறையைத் தெரிவுசெய்து, அப்லோடை உண்மையில் கிடைக்கும் வேகத்தில் 90 வீதமாகக் கட்டுங்கள். வரிசை உங்கள் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிடும். யார் முதலில் போவது என்பதை நீங்களே தீர்மானிக்கலாம். 4ஜி லைன் என்றால் வேகம் ஏறி இறங்கும், பின்னேரம் அளந்த குறைந்த அளவையே வையுங்கள்.

விபிஎன்னில் ஒரு சிக்கல் உண்டு. போன் தன் பாக்கெட்டில் டிஎஸ்சிபி 46 என்று முன்னுரிமைக் குறி போட்டாலும், மறையாக்கிய பிறகு அது உள்ளே போய்விடும். விபிஎன் வகைகளில் ஐபிசெக் வழக்கமாக அதை வெளி உறைக்கும் எடுத்து எழுதும், வயர்கார்ட் எழுதாது. கணினியிலேயே விபிஎன்னைத் தொடங்கினால் ரவுட்டரின் கண்ணுக்குக் குரலும் பேக்கப்பும் ஒன்றுதான். ஆகவே ரவுட்டரிலேயே விபிஎன்னை வைத்து, உறைக்குள் போகமுன் குரலையும் பேக்கப்பையும் பிரித்துவிடுங்கள். வெளியே பொது இன்டர்நெட்டில் அந்தக் குறியை யாரும் மதிக்கவேண்டிய கட்டாயமில்லை. வழி முழுக்க உத்தரவாதம் வேண்டுமென்றால் எம்பிஎல்எஸ் லைன் (சேவை நிறுவனம் தன் வலையமைப்புக்குள்ளேயே தரும் தனி இணைப்பு) எடுக்கவேண்டும். இரண்டு கடைக்கு அது வீண் செலவு.

உங்கள் விபிஎன் ஓப்பன்விபிஎன் வகையாகி, தொலைந்த பாக்கெட்டைத் திருப்பி அனுப்பும்வரை மற்றதையும் நிறுத்திவைக்கும் டிசிபியில் ஓடினால், அப்படிக் காத்திருக்காத யூடிபிக்கு இன்றைக்கே மாற்றுங்கள். அப்புறம், பேக்கப்பை இரவு பத்து மணிக்குத் தள்ள ஒரு சதமும் செலவில்லை, அதை முதலில் செய்யுங்கள். சின்ன பில் வந்து, நீளமான அறிக்கை மட்டும் பாதியில் தொங்கினால் அது எம்டியூ (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு, பைட்டில்) கோளாறு. வயர்கார்டில் 1420 வையுங்கள், பிபிபிஓஇ லைன் (பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும் வகை) என்றால் 1412.