ஷெங்கன் விசா: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கோடை விடுமுறைப் பயணத்தைப் பற்றியவை. எந்த நாட்டுப் பாஸ்போர்ட், எந்தத் தேதியில் பயணம், எந்த ஊரில் எத்தனை இரவு என்ற மூன்றையும் சொல்லாமல் "ஐரோப்பா போக என்னென்ன வேண்டும்?" என்று ஒற்றை வரியில் கேட்டவர்களுக்குப் பதில் எழுத இயலவில்லை. தனியாகக் குறிப்பிட்ட இடங்களைத் தவிர, கீழே உள்ளவை யாவும் ஷெங்கன் பகுதிக்கு, அதாவது ஒரே விசாவில் சுற்றக்கூடிய 29 ஐரோப்பிய நாடுகளுக்கு, இந்தியப் பாஸ்போர்ட்டில் 90 நாளுக்கு உட்பட்டுச் செல்பவர்களுக்கானவை.

மே மாதக் கடைசியில் குடும்பத்துடன் பாரிஸ் செல்கிறோம். ஏப்ரலில் விண்ணப்பித்தால் போதாதா? (சென்னை வாசகர்)

சட்டப்படி போதும், நடைமுறையில் போதாது. பயணத் தேதிக்கு 6 மாதம் இருக்கும்போதே விண்ணப்பத்தை ஏற்கிறார்கள். குறைந்தது 15 நாள் முன்னதாகக் கொடுத்தாக வேண்டும். முடிவு சொல்ல அவர்களுக்கு 15 நாள் அவகாசம் உண்டு, மேல்விசாரணை தேவைப்பட்டால் அது 45 நாள் வரை நீளும். இந்தக் கணக்கெல்லாம் விண்ணப்பம் மேசைக்குப் போன பிறகுதான் தொடங்கும் என்பதையும், ஏப்ரல், மே மாதங்களில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பெரும்பாடு என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். பிப்ரவரியிலேயே நேரம் பதிவு செய்துவிடுங்கள். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுவரை 45 யூரோ, அதற்கும் சிறியவர்களுக்கு இல்லை. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டால் இதில் ஒரு ரூபாயும் திரும்பாது.

பாரிஸில் 4 இரவு, சுவிட்சர்லாந்தில் 5 இரவு, இடையில் லண்டனில் 3 இரவு. எந்தத் தூதரகத்தில் விண்ணப்பிப்பது? (மதுரை வாசகர்)

ஷெங்கன் பகுதிக்குள் எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டில்; ஆகவே உங்களுக்குச் சுவிட்சர்லாந்து. நாட்கள் சமமாக இருந்தால் மட்டுமே முதலில் நுழையும் நாடு என்ற விதி வரும். லண்டன் இந்தக் கணக்கிலேயே சேராது. பிரிட்டனுக்குத் தனி விசா வேண்டும், அதைவிட முக்கியமாக, பாரிஸிலிருந்து லண்டனுக்குப் போய்விட்டுச் சுவிட்சர்லாந்துக்கு வருவது ஷெங்கனுக்குள் இரண்டாவது நுழைவு ஆகும். ஒருமுறை நுழைவு விசாவை வைத்துக்கொண்டு லண்டன் சென்றால் அதோடு அந்த விசாவின் ஆயுள் முடிந்தது. ஜூரிக் விமானத்தில் ஏறவே விடமாட்டார்கள். விண்ணப்பப் படிவத்தில் இரண்டு அல்லது பலமுறை நுழைவு என்று குறியுங்கள். விசா கையில் கிடைத்ததும், பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசா ஸ்டிக்கரில் எத்தனை முறை நுழைவு என்று வாசித்துப் பாருங்கள்.

பயணத் திட்டம் முழுக்க பாரிஸும் ரோமும்தான். இரண்டு நாட்டுக்கும் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவில்லை. வேறொரு நாட்டில் சுலபமாக நேரம் கிடைக்கிறது, அந்த நாட்டில் ஓட்டல் போட்டு விசா வாங்கிக்கொண்டு பிறகு ரத்து செய்துவிடலாம் என்று ஏஜென்ட் சொல்கிறார். செய்யலாமா? (ஈரோடு வாசகர்)

கூடாது. இந்தக் கேள்வி ஒவ்வொரு ஆண்டும் வருகிறது. ஒவ்வொரு ஆண்டும் இதே பதிலைத்தான் எழுதுகிறேன், ஆனாலும் "எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்ற வாக்கியத்தோடு அடுத்த கடிதம் வந்துவிடுகிறது.

ஷெங்கன் ஸ்டிக்கர் ஒன்று இருந்தால் 29 நாடுகளிலும் சுற்றலாம் என்பது உண்மை. எந்த நாட்டை முதன்மையாக வைத்து விசா வாங்கினீர்களோ அந்த நாட்டுக்கு எட்டிப் பார்க்காமலே திரும்பலாம் என்பது அதிலிருந்து ஏஜென்ட்டுகள் தாமாகப் பிழிந்தெடுத்த பொய். விசா உள்ளே நுழையும் உரிமையைத் தானாகத் தந்துவிடுவதில்லை. நுழையும் இடத்தில் நிற்கும் அதிகாரி ஓட்டல் பதிவு, திரும்பும் டிக்கெட், செலவுக்குப் பணம் ஆகிய எல்லாவற்றையும் மறுபடி கேட்கலாம். ஒரு நாடு கொடுத்த விசாவோடு இன்னொரு நாட்டில் இறங்கி, முதல் நாட்டில் தங்குவதற்கான தாள் ஒன்றையும் காட்ட முடியாதவரின் விசாவை அங்கேயே செல்லாததாக்கித் திருப்பி அனுப்பும் அதிகாரமும் அவருக்கு உண்டு. திட்டம் உண்மையிலேயே பிறகு மாறியிருந்தால் விளக்கம் சொல்லிவிடலாம். தொடக்கத்திலிருந்தே இல்லாத திட்டத்துக்கு என்ன விளக்கம் சொல்வீர்கள்?

இந்த ஏஜென்ட்டுகள் தயாரிக்கும் கோப்புகளின் லட்சணத்தையும் பார்க்க வேண்டும். மறுக்கப்பட்ட பின் ஒரு வாசகர் எனக்கு அனுப்பிய கோப்பில், ஓட்டல் பதிவு முழுவதும் பால்டிக் கரையில் உள்ள ஒரு நகரத்தில் இருந்தது. உடனிருந்த விளக்கக் கடிதமோ ஈஃபில் கோபுரத்தைக் குழந்தைகளுக்குக் காட்ட வேண்டும் என்று உருகியது. காப்பீட்டின் தேதி இரண்டு நாள் முன்பே முடிந்திருந்தது. கடிதத்தின் மூன்றாம் பத்தியில் வேறு யாரோ ஒரு வாடிக்கையாளரின் பெயர் அழிக்கப்படாமல் கிடந்தது. இதற்கு அவர் கொடுத்த கட்டணம் விசாக் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு. மறுப்புக் கடிதத்தில், பயணத்தின் நோக்கம் குறித்த தகவல்கள் நம்பத்தக்கவையாக இல்லை என்ற கட்டத்தில் குறியிட்டிருந்தார்கள். நானாக இருந்தாலும் அங்கேதான் குறியிட்டிருப்பேன்.

படிவத்தின் கடைசிப் பக்கத்தில், பொய்த் தகவல் தந்தால் விண்ணப்பம் மறுக்கப்படும், கொடுத்த விசாவும் ரத்தாகும் என்பதை அறிவேன் என்று கையெழுத்திடுபவர் ஏஜென்ட் அல்ல, நீங்கள். ஓட்டலுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, பதிவு இன்னும் இருக்கிறதா என்று கேட்க அதிகாரிக்கு இரண்டு நிமிடம் போதும். மறுப்பு பொதுவான விசாத் தரவுத்தளத்தில் 5 ஆண்டு இருக்கும், அடுத்து எந்த ஷெங்கன் நாட்டில் விண்ணப்பித்தாலும் அவர்கள் திரையில் அது தெரியும். ஏஜென்ட்டின் பெயர் எந்தத் திரையிலும் வராது.

பாரிஸுக்கு நேரம் கிடைக்கவில்லை என்றால் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, பயணத்தைத் தள்ளிப்போடுவது. இன்னொன்று, நேரம் கிடைக்கும் நாட்டிலேயே உண்மையாக அதிக நாள் தங்குமாறு திட்டத்தை மாற்றிக்கொண்டு, பாரிஸை இரண்டு மூன்று நாளுக்குச் சுருக்குவது. எதைச் செய்தாலும் கோப்பில் உள்ள பயணமும் நீங்கள் போகிற பயணமும் ஒன்றாக இருக்கட்டும்.

டிக்கெட்டை முழுப் பணம் கட்டி வாங்கிய பிறகுதான் விண்ணப்பிக்க வேண்டுமா? (சேலம் வாசகி)

வேண்டாம். உண்மையான முன்பதிவு போதும், பணம் கட்டிய டிக்கெட் என்று விதி கேட்பதில்லை. ஆனால், எங்கோ நூறு ரூபாய்க்குத் தயாரித்துத் தரும் போலி முன்பதிவு எண் முன்பதிவு ஆகாது. முந்தைய பதிலை ஒருமுறை படியுங்கள்.

வங்கியில் எவ்வளவு இருப்பு இருக்க வேண்டும்? விண்ணப்பத்துக்கு முன் மைத்துனரிடம் 5 லட்சம் வாங்கிப் போட்டுக்கொள்ளலாமா? (கரூர் வாசகர்)

எல்லா நாட்டுக்கும் பொதுவான ஒரு தொகை கிடையாது. பிரான்ஸைப் பொறுத்தவரை, ஓட்டல் பதிவு இருந்தால் ஒரு நாளுக்கு 65 யூரோ, இல்லையென்றால் 120 யூரோ, உறவினர் வீட்டில் தங்குவதற்கு நகராட்சி அளித்த சான்று இருந்தால் 65இல் பாதி என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். மைத்துனரின் 5 லட்சம் உங்களுக்கு உதவாது, கெடுக்கவே செய்யும். அதிகாரி பார்ப்பது கடைசி வரியில் உள்ள இருப்பை மட்டுமல்ல. மாதாமாதம் என்ன வருகிறது, என்ன போகிறது என்பதையும் சேர்த்துத்தான். முப்பதாயிரத்தில் ஓடிக்கொண்டிருந்த கணக்கில் விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் 5 லட்சம் முளைத்தால் அது யாருடைய பணம் என்று கேட்கத் தெரியாதவர்கள் அங்கே உட்கார்ந்திருக்கவில்லை. மைத்துனர்தான் செலவை ஏற்கிறார் என்றால் அதை வெளிப்படையாக எழுதி, அவருடைய வருமான வரிக் கணக்கையும் வங்கி அறிக்கையையும் இணையுங்கள்.

ஜெர்மனியில் இருக்கும் மகனுடன் மூன்று மாதம் தங்கப் போகிறோம். மார்ச் 1 முதல் மே 31 வரை டிக்கெட் போட்டுவிட்டான். சரிதானே? (கும்பகோணம் வாசகர்)

சரியில்லை. விதி சொல்வது 90 நாள்; மூன்று மாதம் என்று எங்கும் சொல்லவில்லை. இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும், எனவே நீங்கள் சொன்ன தேதிகளுக்கு 92 நாள் ஆகிறது. எந்த 180 நாளை எடுத்தாலும் அதற்குள் 90 நாளுக்கு மேல் இருக்கக்கூடாது என்பதால், நடுவில் ஒரு வாரம் ஷெங்கனுக்கு வெளியே உள்ள துருக்கிக்குப் போய்வந்தாலும் கணக்கு புதிதாகத் தொடங்காது. ஸ்டிக்கரில் "தங்கும் நாட்கள்" என்ற இடத்தில் 60 என்று இருந்தால் உங்களுக்கு 60 நாள்தான். செல்லுபடியாகும் தேதி அதற்குப் பிறகும் நீள்வது பயணம் தள்ளிப்போனால் உதவுவதற்காகக் கொடுக்கும் சலுகையே ஒழிய, கூடுதல் நாள் தங்குவதற்கு அல்ல. ஸ்டிக்கரை வாசியுங்கள் என்று மறுபடியும் சொல்கிறேன். செலவை மகன் ஏற்பதாக இருந்தால், அவர் ஊரில் உள்ள வெளிநாட்டினர் அலுவலகத்தில் சுமார் 30 யூரோ கட்டிப் பொறுப்பேற்பு உறுதிமொழிப் பத்திரம் வாங்கி, அசலை உங்களுக்கு அனுப்பட்டும். வெறும் அழைப்புக் கடிதத்துக்கு அந்த எடை கிடையாது.

கிரெடிட் கார்டுடன் வரும் பயணக் காப்பீடு போதுமா? (கோவை வாசகர்)

30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவச் செலவு, தாயகம் திருப்பி அனுப்பும் செலவு, ஷெங்கன் பகுதி முழுவதும் செல்லுபடி என்ற மூன்றும் உங்கள் பெயருடன் சான்றிதழில் அச்சாகியிருந்தால் போதும். பெரும்பாலான கார்டுகள் அப்படி எழுதித் தருவதில்லை.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலி. என் பெயரும் அப்பா பெயரும் சேர்ந்து ஒரே இடத்தில் உள்ளன. மகனின் பிறப்புச் சான்றிதழில் எனக்கு இனிஷியல் மட்டும்தான். தடங்கல் வருமா? (திருநெல்வேலி வாசகர்)

குடும்பப் பெயர் இல்லை என்பதற்காக விசா மறுக்கமாட்டார்கள். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து படிவம், காப்பீடு, ஓட்டல் பதிவு அனைத்திலும் எழுதுங்கள். விமான நிறுவனத்தின் தளம் காலியிடத்தை ஏற்காது என்பதால், டிக்கெட்டில் பெயரை எப்படிப் பிரிப்பது என்று அந்த நிறுவனத்திடமே கேட்டுப் பதிவு செய்யுங்கள். பிறப்புச் சான்றிதழில் இனிஷியல் விரிவாக இல்லாவிட்டால், இரண்டும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் பிரமாணப் பத்திரம் எழுதி இணைக்கலாம். மகன் பெற்றோரில் ஒருவருடன் மட்டும் போகிறான் என்றால் மற்றவரின் ஒப்புதல் கடிதம் கட்டாயம்.

யாழ்ப்பாணத்திலிருந்து டொராண்டோ செல்கிறேன். ஃப்ராங்க்ஃபர்ட்டில் விமானம் மாற வேண்டும். இலங்கைப் பாஸ்போர்ட். வெளியே போகப்போவதில்லை, அதற்கும் விசா வேண்டுமா?

விமான நிலையத்துக்குள்ளேயே இருந்தாலும் ஷெங்கன் நாடுகள் அனைத்திலும் மாற்றுப்பயண விசா கேட்கப்படும் பட்டியலில் இலங்கை உள்ளது. ஆனால், செல்லுபடியாகும் கனடா விசா உங்களிடம் இருந்தால் அதிலிருந்து விலக்கு உண்டு. இரண்டு இடங்களில் கவனம் தேவை. பாரிஸில் இறங்கி ஃப்ராங்க்ஃபர்ட் போய் அங்கிருந்து டொராண்டோ என்று இரண்டு ஷெங்கன் நகரங்கள் வழியே டிக்கெட் போட்டால், நடுவில் உள்ள விமானம் உள்நாட்டு விமானம் போன்றது. குடியேற்றச் சோதனையைத் தாண்டியாக வேண்டும், அதற்குச் சாதாரண ஷெங்கன் விசாவே வேண்டும். அதேபோல் மலிவாக இருக்கிறதென்று தனித்தனி டிக்கெட் வாங்கி, பெட்டியை வெளியே போய் எடுத்து மறுபடி கொடுக்க வேண்டியிருந்தாலும் இதே நிலைதான்.

விசா மறுத்துவிட்டார்கள். ஏன் என்று சொல்லுங்கள். (வேலூர் வாசகர்)

மறுப்புக் கடிதத்தில் காரணக் கட்டங்கள் வரிசையாக இருக்கும், அவற்றில் ஒன்றிலோ இரண்டிலோ குறி இருக்கும். அந்தக் கடிதத்தையும் அனுப்பாமல், எந்த நாடு என்றும் சொல்லாமல் கேட்டால் நான் எதை வைத்துச் சொல்வது? பொதுவாக, குறையைச் சரிசெய்து எப்போது வேண்டுமானாலும் மீண்டும் விண்ணப்பிக்கலாம். அதே கோப்பை மறுபடி கொடுத்தால் அதே பதில்தான் வரும். ஜெர்மனியாக இருந்தால், தூதரகத்துக்கே மறுபரிசீலனைக் கடிதம் எழுதும் பழைய முறை 2025 ஜூலை 1 முதல் இல்லை. புதிய விண்ணப்பம், அல்லது பெர்லின் நிர்வாக நீதிமன்றம்.

அடிக்கடி போகிறவர்களுக்கு 5 ஆண்டு விசா தருகிறார்களாமே? (சென்னை வாசகி)

எடுத்த எடுப்பில் தரமாட்டார்கள். 2024 ஏப்ரலில் இந்தியாவில் வசிக்கும் இந்தியர்களுக்காக வந்த விதிப்படி, முந்தைய 3 ஆண்டில் இரண்டு விசா வாங்கி ஒழுங்காகப் பயன்படுத்தியவருக்கு 2 ஆண்டுப் பலமுறை விசாவும், அதன்பின் 5 ஆண்டு விசாவும் கிடைக்கலாம். பாஸ்போர்ட்டில் அத்தனை ஆண்டு மிச்சம் இருக்க வேண்டும். 5 ஆண்டு விசாவிலும் 90 நாள் கணக்கு அப்படியே உண்டு.

இட்டியாஸ் என்ற புதிய அனுமதியையும் சேர்த்து வாங்க வேண்டுமா? (தஞ்சாவூர் வாசகர்)

அது விசா தேவைப்படாத நாட்டவருக்கானது, நமக்கில்லை. நமக்குப் பொருந்துவது, 2025 அக்டோபர் 12இல் தொடங்கிய நுழைவு வெளியேற்றப் பதிவு முறை. பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதற்குப் பதிலாகக் கணினியில் முகப்படத்துடன் பதிவாகும். தங்கிய நாட்களை இனி கணினியே எண்ணும். கும்பகோணத்து வாசகரும் இதைக் கவனிக்கலாம்.

பலமுறை விசா பழைய பாஸ்போர்ட்டில் இருக்கிறது, பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிட்டேன். விசா செல்லுமா? (புதுச்சேரி வாசகர்)

விசாப் பக்கம் சேதமாகாமல், ரத்து முத்திரை அதன் மேல் விழாமல் இருந்தால் செல்லும். இரண்டு பாஸ்போர்ட்டையும் கொண்டு செல்ல வேண்டும். பழையதைப் பெரிய பெட்டியில் போட்டுச் செக்-இன் செய்துவிட்டுக் கவுன்டரில் தேடாதீர்கள், கைப்பையில் வையுங்கள்.