ஜெபத்தோடு நிறுத்திக்கொள்ளக் கூடாதா?

கேள்வி: அமெரிக்காவில் குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் தலைநகரிலேயே அலுவலகம் போட்டு, போருக்கு எதிராக எம்.பி.க்களிடம் பேசுவதே வேலையாக இருக்கிறார்களாம். மதமும் அரசியலும் கலக்கக் கூடாது என்று எழுதுகிற நீங்கள் இதை ஆதரிக்கிறீர்களா? ஜெபத்தோடு நிறுத்திக்கொள்ளலாமே? அவர்கள் பேசி எந்தப் போர் நின்றது?
— வாசகர் ஒருவர், விருதுநகர்

பதில்: ஆதரிக்கிறேன்.

ஒரு மதத்தார் அரசாங்கத்தின் வாசலில் வந்து நின்றால், யாருக்காக நிற்கிறார்கள் என்றுதான் முதலில் பார்ப்பேன். தன் ஆட்களுக்குப் பதவி, தன் சாமியைக் கும்பிடாதவனுக்குத் தண்டனை என்று கேட்டால் எதிர்ப்பேன். இந்தப் பக்கத்தில் பலமுறை எதிர்த்தும் இருக்கிறேன். குவேக்கர்கள் கேட்டது அதுவல்ல.

1783இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு 273 குவேக்கர்கள் கையெழுத்திட்டு ஒரு மனு கொடுத்தார்கள். அடிமை வியாபாரத்தை நிறுத்துங்கள் என்பதுதான் மனு. அதனால் அவர்களுக்குக் காலணா லாபம் கிடையாது. அந்த நாடாளுமன்றத்தில் அவர்களால் உறுப்பினராக உட்காரக்கூட முடியாது. சத்தியப் பிரமாணம் செய்வது தங்கள் விசுவாசத்துக்கு விரோதம் என்று மறுத்தவர்கள் அவர்கள். 1833இல்தான் அந்தத் தடை நீங்கியது. அரசாங்கத் தரப்பு நல்ல நோக்கம் என்று பாராட்டிவிட்டு, நடக்கிற காரியம் இல்லை என்று கைவிரித்துவிட்டது. அவர்கள் வீட்டுக்குப் போய்விடவில்லை. 1787 மே மாதம் லண்டனில் ஓர் அச்சகத்தில் 12 பேர் கூடி அடிமை வியாபார ஒழிப்புக் குழுவைத் தொடங்கினார்கள். அதில் 9 பேர் குவேக்கர்கள். 1807இல் அந்த வியாபாரம் சட்டப்படி ஒழிந்தது. ஜெபத்தோடு நிறுத்தியிருக்கலாம் என்று இப்போதும் சொல்வீர்களா?

அவர்களைப் புனிதர்களாக்க நான் வரவில்லை. அமெரிக்காவில் பென்சில்வேனியாவை நிறுவிய வில்லியம் பென் பேர்பெற்ற குவேக்கர்; அவரே அடிமைகளை வைத்திருந்தார். 1688இல் அங்கே ஜெர்மன்டவுன் என்ற ஊரில் சிலர், இது தவறு என்று தங்கள் சபைக்கே எழுதிக் கொடுத்தார்கள். பெரியவர்கள் அந்தக் காகிதத்தைத் தங்களுக்கு மேலே இருந்த குவேக்கர் சபைக்குத் தள்ளி, அங்கேயும் முடிவெடுக்காமல் விட்டுவிட்டார்கள். அடிமை வைத்திருப்பவருக்குச் சபையில் இடமில்லை என்று பிலடெல்பியா சபை முடிவெடுக்க 1776 ஆகிவிட்டது. 88 வருடம்! வெட்கப்பட வேண்டிய தாமதம்தான். ஆனாலும் ஊருக்கு உபதேசம் என்று நின்றுவிடாமல், வீட்டுக்குள்ளேயே சண்டை போட்டுத் தீர்த்துவிட்டுத்தான் நாடாளுமன்றப் படியேறினார்கள். பழங்குடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, மொழியையும் பழக்கத்தையும் மறக்கடித்த உறைவிடப் பள்ளிகள் அமெரிக்காவில் இருந்தன. அவற்றில் சிலவற்றைக் குவேக்கர்களும் நடத்தினார்கள். அந்தக் கொடுமையை விசாரிக்க ஆணையம் வேண்டும் என்று இன்று அவர்களின் வாஷிங்டன் அலுவலகம் கேட்கிறது. தங்கள் பெயரும் அதில் அடிபடும் என்று தெரிந்தே கேட்கிறார்கள். இதற்காகவே அவர்களை மதிக்கிறேன்.

நீங்கள் குறிப்பிட்ட அலுவலகம் அதுதான். இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருந்த 1943இல் தொடங்கினார்கள். எந்தக் கட்சியையும் வேட்பாளரையும் ஆதரிப்பதில்லை. எதை வலியுறுத்துவது என்று நாடெங்கும் உள்ள சபைகளைக் கேட்கிறார்கள். முடிவும் கையெண்ணி எடுப்பது அல்ல. கூடி மௌனமாக உட்கார்ந்து, பேசி, எல்லோரும் ஏற்கிற இடத்துக்கு வரும்வரை காத்திருப்பார்கள். வருடாவருடம் இளைஞர்களை அழைத்துவந்து எம்.பி. அலுவலகங்களுக்கு அனுப்புகிறார்கள். பணப்பெட்டியோடு போகும் ஆயுதக் கம்பெனி லாபியையும் இதையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

சரி, எந்தப் போர் நின்றது? ஈராக் போரை அவர்களால் தடுக்க முடியவில்லை. அந்தப் போருக்கு 2002இல் நாடாளுமன்றம் ஜனாதிபதிக்குக் கொடுத்த அதிகாரத்தைத் திரும்பப் பெறுங்கள் என்று விடாமல் கேட்டார்கள். 2023 மார்ச்சில்தான் மேலவையான செனட் 66–30 என்று அதற்கு இசைந்தது. அதற்குள் அந்த நாட்டில் எத்தனை வீடுகளில் இழவு விழுந்துவிட்டது!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முதல் உலகப் போரில், கொல்ல மாட்டேன் என்று மனசாட்சிப்படி மறுத்த இளைஞனுக்கு அமெரிக்கச் சட்டம் கொடுத்த வழி, துப்பாக்கி தூக்காமல் ராணுவத்துக்குள்ளேயே வேலை பார்ப்பதுதான். அதையும் மறுத்தவர்கள் சிறைக்குப் போனார்கள். 1940இல் புதிய கட்டாய ராணுவச் சட்டம் வந்தபோது, குவேக்கர்களும், அவர்களைப் போலவே போரை மறுக்கும் மெனனைட், பிரதரன் என்ற கிறிஸ்தவ சபையினரும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் வாசலில் போய் நின்று வாதாடினார்கள். ராணுவத்துக்கு வெளியே பொதுப்பணி செய்யலாம் என்ற பிரிவு சட்டத்தில் ஏறியது. ஏறத்தாழ 12,000 பேர் அந்தப் பிரிவின் கீழ் காட்டுத் தீயை அணைத்தார்கள், மனநல மருத்துவமனைகளில் நோயாளிகளைக் கவனித்தார்கள். அந்த மருத்துவமனைகளில் நடந்த கொடுமைகளை வெளியே கொண்டுவந்தவர்களும் அவர்களே.