சுவாமி மலையிலிருந்து எறிந்த கல்

கேள்வி: உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கிறேன். கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலையிலிருந்து கடலை நோக்கி, செக்கனுக்கு 20 மீற்றர் வேகத்தில், கிடையோடு 30 பாகை மேல்நோக்கி எறிந்த கல்லின் கிடைவீச்சு என்ன? உயரம் 120 மீற்றர் என்று தந்திருக்கிறார்கள். சூத்திரப்படி 34.6 மீற்றர் வருகிறது, விடையோ 104.
- மாணவி, திருகோணமலை

பதில்: விடை சரிதான் தங்கச்சி. வேக வர்க்கத்தை இருமடங்குக் கோணத்தின் சைனால் பெருக்கிப் புவியீர்ப்பு ஆர்முடுகலால் வகுக்கிறீர்களே, அந்தச் சூத்திரம் எறிந்த மட்டத்திலேயே கல் வந்து விழுந்தால்தான் செல்லும். டியூட்டரியில் இதைச் சொல்லாமலே மனப்பாடம் பண்ண வைத்துவிடுகிறார்கள்! இங்கே உங்கள் 34.6 மீற்றரில் கல் மலை உச்சி மட்டத்துக்குத்தான் திரும்பியிருக்கும், கடல் இன்னும் 120 மீற்றர் கீழே.

முதலில் நேரத்தைப் பிடியுங்கள். நிலைக்குத்து வேகம் 10, ஆர்முடுகலையும் 10 என்றே எடுப்போம்; மேல்நோக்கி நேர் என்றால் இடப்பெயர்ச்சி −120, அந்தச் சயக்குறியைத்தான் பலர் விட்டுவிடுவார்கள். நேரத்தை t என்று வைத்து −120 = 10t − 5t² என்ற சமன்பாட்டைத் தீர்த்தால் நேரம் 6 அல்லது −4 செக்கன் வரும், −4ஐத் தள்ளிவிடுங்கள். அப்புறம் கிடை வேகம் 17.32ஐ 6ஆல் பெருக்கினால் 103.9, அதாவது 104 மீற்றர். வளித்தடையைக் கணக்கில் எடுக்கவில்லை.

இன்னொன்று, உயரத்திலிருந்து எறியும்போது அதிகூடிய வீச்சுக்கான கோணம் 45 பாகையிலும் குறைவு. கோயிலடியில் எறிந்து பார்க்க வேண்டாம், கீழே வள்ளங்கள் போகும்.